ஐம்பத்தைந்து ராத்தல்

முத்துநாயகத்தின் பஸ்ஸை மாடு பூட்டி இழுத்துக்கொண்டு கோட்டாற்றுக்கு வந்தார்கள். எஞ்சின் ஓய்ந்துவிட்டது. முழுவதையும் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்றார். பட்டறைக்குள் என்னைக் கண்டதும் அவருக்கு இரக்கம் வந்தது.

"நம்ம செல்வதாஸ் வாத்தியாருல்லா இது! பி.ஏ. படிச்ச ஆளு, இப்பிடி எண்ணெய்க்குள்ள கெடக்கீரே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற பள்ளிக்கூடம் பாத்துத் தந்திருப்பேனே."

"வேண்டாம்," என்றேன்.

"துக்கம் மனுசனை எங்க கொண்டு போடுகு பாத்தியா சாயிபு?"

பட்டறைக்காரன் சுலைமான் எஞ்சின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வயதுதான் அவனுக்கும். கொழும்பில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். "துக்கம் கொண்டு போடல்ல முதலாளி. காலையில நடந்துதான் வாறாரு," என்றான்.

முத்துநாயகம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வண்டி என்றைக்காவது இந்தப் பட்டறைக்கு வரும் என்று காத்திருந்தவன் நான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அதே பஸ்ஸில் என் மனைவியை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நாகர்கோவிலிலிருந்து நெய்யூர் அப்படியொன்றும் தூரமில்லை. வில்லுக்குறி தாண்டியதும் எஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி இரண்டு மூன்று தரம் குலுங்கி நின்றது. டிரைவர் ஆபேல் வாய்க்காலிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினான். ஊற்றியதெல்லாம் எஞ்சினுக்குள்ளேயே போயிற்று. மாட்டு வண்டி ஒன்று கிடைத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நெய்யூரில் டாக்டர் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கினார், முடிக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்தோம்.

அடக்கத்துக்கு முத்துநாயகமும் வந்தார். "தேவ சித்தம்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். வலி கண்டவுடன் வாத்தியார் புறப்பட்டிருக்க வேண்டும், அவர் நேரத்தைக் கடத்திவிட்டார் என்றார். சபை நம்பியது. என் மாமியார் ஞானபாயும் நம்பினாள். அதன்பிறகு அவள் எனக்குக் கதவு திறக்கவில்லை.

நான் நேரத்தைக் கடத்தவில்லை. வலி கண்டு இரண்டு நாழிகைக்குள் பஸ்ஸில் இருந்தோம். அதனால் வண்டி ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அன்று நின்ற வண்டியைச் சரிபார்க்கச் சுலைமானைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவனைத் தேடிப் போய்க் கேட்டேன். அவன் ஒரு செம்புத் தகட்டை எடுத்துக் காட்டினான்.

எஞ்சினின் உடலுக்கு மேலே கனத்த இரும்பு மூடி ஒன்று உண்டு. ஹெட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே செம்புத் தகடு பொதிந்த காஸ்கெட்டை வைத்து, பதினான்கு போல்ட் போட்டு முறுக்க வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும். ஒரேயடியாக முறுக்கக்கூடாது. முதல் சுற்றில் லேசாக, அடுத்த சுற்றில் கொஞ்சம், கடைசிச் சுற்றில் முழுவதும். எல்லா போல்டிலும் ஒரே வலு இருக்க வேண்டும். தவறினால் ஹெட் வளையும். வளைந்த இடத்தில் காஸ்கெட் அமுங்காது. தண்ணீர் உள்ளே இறங்கும்.

சுலைமான் காட்டிய காஸ்கெட் ஒரு ஓரத்தில் காகிதம்போல் நசுங்கியிருந்தது. மறு ஓரத்தில் புதிதுபோல் இருந்தது. நடுவில் தண்ணீர் அரித்த கறுப்புத் தடம்.

"எந்த மடையன் முறுக்கினான்?" என்று கேட்டேன்.

"ஒரு மடையன் இல்ல மக்கா," என்றான் சுலைமான். "ஊர் கூடி முறுக்கியிருக்கு."

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு அஸ்திவாரம் போடும்போது மதிப்புள்ளவர்கள் ஆளுக்கு ஒரு கரண்டி சாந்து வைப்பார்கள். போதகர் முதலில். பிறகு டீக்கனார். பிறகு அவரவர் அந்தஸ்துப்படி. முத்துநாயகம் இந்த வழக்கத்தை மோட்டாருக்குக் கொண்டு வந்தார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போதெல்லாம் பெரியவர்களை அழைத்து ஹெட்டில் ஆளுக்கொரு போல்ட் முறுக்கச் சொல்வார். அந்தஸ்தின் வரிசையில், முன்னாலிருந்து பின்னாலே. முடிந்ததும் ஜெபம். சாந்து இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் கொத்தன் பிறகு வழித்துச் சரிசெய்துவிடுவான்.

அவருடைய பழைய மெக்கானிக் ஜேசுதாசும் அப்படித்தான் சரிசெய்யப் பார்த்திருக்கிறான். விருந்தாளிகள் போனதும் போல்டுகளைத் தளர்த்தி முதலிலிருந்து முறுக்கப் போனான். முத்துநாயகம் தடுத்தார். "போதகர் ஜெபம் பண்ணி வச்ச போல்டுல உன் கை படப்பிடாது." ஜேசுதாஸ் கையை எடுத்தான். வண்டி நின்ற மறுநாள் அவனை வேலையை விட்டு நீக்கினார்கள். இலங்கைக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் அவன் இதைச் சுலைமானிடம் சொல்லிவிட்டுப் போனான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சுலைமானிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முத்துநாயகத்திடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். வண்டி ஏன் நின்றது என்பதை அவர் தன் வாயால் சபையார் முன்னால் சொல்லவேண்டும். நான் போய்ச் சொன்னால் துக்கத்தில் புத்தி பேதலித்தவன் என்பார்கள். அவர் சொல்லவில்லையென்றால், எனக்கு நடந்தது அவருக்கும் நடக்கவேண்டும். இரண்டில் எது என்று நான் இன்னும் தீர்மானித்திருக்கவில்லை.

வண்டி வந்ததும் வேலை தொடங்கியது. சிலிண்டர்களைக் கடைந்தோம். புதுப் பிஸ்டன், புது ரிங், புது பேரிங். ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. எஞ்சினைச் சுற்றிப் படுதா கட்டிக்கொண்டுதான் உள்ளே கை வைத்தோம். ஒரு மணல்துகள் போல்டின் மரையில் விழுந்தால் முறுக்கும்போது கை ஏமாறும். இறுகிவிட்டது என்று தோன்றும், இறுகியிருக்காது. ஒவ்வொரு போல்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தேன்.

சுலைமான் மணிக்கட்டின் உணர்வில் முறுக்குகிறவன். நான் வில் தராசு வைத்து முறுக்குகிறவன். குளச்சலில் மீன் நிறுக்கிற வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. ஓரடி நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் தராசின் கொக்கியை மாட்டி இழுத்தால் இழுப்பின் வலு எத்தனை ராத்தல் என்று முள் காட்டும். இந்த எஞ்சினுக்கு ஐம்பத்தைந்து.

"நெய்மீன் என்ன வெல வாத்தியாரே?" என்பான் சுலைமான், ஒவ்வொரு தடவையும்.

"உன் கை தப்பினா என்ன செய்வே?"

"என் கை தப்பாது. உன் தராசு துருப்பிடிச்சா நீ என்ன செய்வே?"

"எண்ணெய் போடுவேன்."

"கை நல்லாருக்க நானும் எண்ணெய்தான் தேய்க்கேன்," என்பான். அவன் முறுக்கியதை நான் தராசு வைத்துப் பார்த்ததுண்டு. இரண்டு மூன்று ராத்தலுக்கு மேல் வித்தியாசம் வந்ததில்லை. அதை அவனிடம் நான் சொன்னதில்லை.

ஹெட் பூட்டுகிற வேளை நெருங்கியபோது முத்துநாயகம் வந்தார். சந்தோஷமாக இருந்தார். மகள் குளோரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குழித்துறைக்காரர். சனிக்கிழமை ராத்திரி கல்யாணம்; அன்று பின்னேரம் பஸ் போய் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரவேண்டும். கட்டிய எஞ்சினுக்கு அதுதான் முதல் ஓட்டம்.

"ஹெட்டைத் தூக்கி வச்சு, போல்டையெல்லாம் விரலால திருகி மட்டும் வையுங்க. சனியாழ்ச்ச மத்தியானம் நான் பெரிய ஆளுகளோட வாறேன். முறுக்குறது நாங்க."

சுலைமான் கையைத் துடைத்தான். "முதலாளி, இது கல்யாணப் பந்தி இல்ல, ஆளு பாத்து இருத்துறதுக்கு. போல்டுக்கு வேற வரிசை உண்டு."

"என் வண்டி, என் வரிசை. உனக்கென்னவே?"

"எனக்கொண்ணுமில்ல. எஞ்சினுக்குத்தான்."

"நம்ம கையில கிருபை உண்டு சாயிபு. நீ பயப்படாத." என் தோளில் தட்டினார். "வாத்தியாரும் இருக்கணும் கேட்டீரா. பழசையெல்லாம் மறந்துரணும்."

அவர் போன பிறகு சுலைமான் என்னிடம் வந்தான்.

"அவங்க போனதும் கழத்தி முறுக்கிருவோமா?"

"போகமாட்டாரு. ஜெபம் முடிஞ்ச கையோட வண்டியில ஏறிருவாரு."

"அப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். அவங்க முறுக்கட்டும். நாம பாத்துக்கிட்டு நிப்போம்."

சுலைமான் என் முகத்தைப் பார்த்தான். "மக்கா, உன் மூஞ்சி எனக்குப் பிடிக்கல்ல."

"நான் ஒரு போல்டையும் தொடப்போறதில்ல."

"அதத்தான் சொல்லுகேன். வழியில நின்னா என் பட்டறைப் பேரு போவும்."

"எவ்வளவு பேர் சாட்சி இருப்பாங்க. நீ முறுக்கினேன்னு யாரு சொல்லுவா?"

அவன் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். நான் வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குழித்துறையிலிருந்து திரும்புகிற வழியில் எந்த இடத்தில் ஆவி கிளம்பும் என்று கணக்குப் போட்டேன். ஏற்றம் எங்கெங்கே, பாரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம். மாப்பிள்ளையின் தாயார் பட்டுச்சேலையோடு சாலையோரத்தில் நிற்பாள். யாராவது வாய்க்காலில் தண்ணீர் மொள்வார்கள். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வந்தார்கள். போதகர் யோவான் ஐயா, டீக்கனார் பொன்னுலிங்கம், உறவில் பெரியவர்கள், சபைச் சங்கத்தார். முத்துநாயகத்தையும் சேர்த்துச் சரியாகப் பதினாலு பேர், ஆளுக்கொன்று. முத்துநாயகம் வெள்ளைச் சட்டையும் கரைவேட்டியும் உடுத்திருந்தார். ஸ்பேனரின் பிடியில் புதுத் துவர்த்துத் துண்டு ஒன்றைச் சுற்றி மாலை போட்டிருந்தார். டிரைவர் ஆபேல் ஸ்டியரிங்கில் மாவிலை கட்டினான்.

போதகர் முன் மூலையில் இருந்த போல்டை முறுக்கினார். மெலிந்த மனிதர். உயிருள்ள ஒன்றைத் தொடுகிறதுபோல் மெதுவாகத் திருப்பிவிட்டு, "கர்த்தர் காப்பாராக," என்று விலகினார். அடுத்து பொன்னுலிங்கம். அரிசி ஆலை வைத்திருக்கிறவர். நெல்மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவர்.

"எனக்குக் கடைசியில உள்ளத விடுங்க. ரெண்டாமத்த எடத்துல நிக்க நான் என்ன சின்னப் பயலா?"

"டீக்கனாரே, ரெண்டாவதுதானே மதிப்பு!" என்றார் முத்துநாயகம்.

"அப்ப கடைசிய மதிப்பாக்கிக்கிடுங்க," என்று பின் மூலைக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டி, வண்டியின் மட்கார்டில் காலை ஊன்றி இழுத்தார். இரும்பு முனகியது. எல்லோரும் கை தட்டினார்கள். சுலைமான் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒருவருக்குச் சீட்டி அடிக்கிற பழக்கம், அடித்துக்கொண்டே முறுக்கினார். இன்னொருவர் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று கேட்டார். முத்துநாயகம் நடு போல்டைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். கடைசியாக வந்தார். சட்டையில் எண்ணெய் படாமல் எட்ட நின்று ஸ்பேனரைப் பிடித்தார். முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, பெரிய வேலை செய்கிறவர்போல் ஆட்டிவிட்டு எடுத்தார்.

நான் தூணில் சாய்ந்து நின்றேன். எல்லாம் நான் எதிர்பார்த்தபடி நடந்தது.

போதகர் ஜெபத்துக்கு எழுந்தார். தொப்பிகளும் தலைப்பாகைகளும் இறங்கின. பிரயாணத்துக்காக ஜெபித்தார். மணமக்களுக்காக ஜெபித்தார். பிறகு சொன்னார்: "வழியிலே எது நேரிட்டாலும் அது உம்முடைய சித்தமென்று ஏற்றுக்கொள்ளும் இருதயத்தை எங்களுக்குத் தாரும்."

"ஆமென்," என்றார்கள். முத்துநாயகத்தின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அப்போதுதான் என் கணக்கில் இருந்த பிழை தெரிந்தது. வண்டி வழியில் நிற்கும். மாப்பிள்ளையின் தாயார் சாலையில் நிற்பாள். முத்துநாயகம் இறங்கி வந்து வானத்தைப் பார்த்துத் தேவ சித்தம் என்பார். சபை நம்பும். மறுநாள் விருந்தில் அதையே ஒரு சாட்சியாகச் சொல்வார். அவருடைய குற்றத்தை இரண்டாவது முறையும் கடவுள் சுமக்க, நான் அதற்கு உதவி செய்தவனாக இருப்பேன்.

தூணை விட்டு வந்தேன். வில் தராசை எடுத்தேன். ஸ்பேனரிலிருந்த மாலையையும் துவர்த்தையும் அவிழ்த்து மட்கார்டில் வைத்தேன்.

"என்ன வாத்தியாரே, உமக்கும் ஒரு முறுக்கு வேணுமா? போல்ட் தீந்து போச்சே," என்றார் சீட்டி அடித்தவர். சிலர் சிரித்தார்கள்.

போதகரின் போல்டில் ஸ்பேனரை மாட்டினேன். தராசின் கொக்கியை நுனியில் போட்டு எதிர்ப்பக்கமாக இழுத்தேன். போல்ட் பிடிவிடுகிற நேரத்தில் முள் எங்கே நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் முறுக்கிய வலு.

"பதினெட்டு ராத்தல்," என்றேன். "வேண்டியது ஐம்பத்தைந்து."

 கை வைத்த போல்டை, அதுவும் போதகர் கை வைத்ததை, அவர் கண்முன்னே ஒருவன் கழற்றுவதை அவர்கள் பார்த்ததில்லை.

"லே!" என்றார் முத்துநாயகம். "என்ன காரியம் செய்யுக?"

நான் பின் மூலைக்குப் போனேன். பொன்னுலிங்கத்தின் போல்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "தொண்ணூறு."

"தொண்ணூறா!" பொன்னுலிங்கம் சுற்றிலும் பார்த்தார். "கேட்டியளா? தொண்ணூறு!"

"அது நல்லதில்ல டீக்கனாரே," என்றான் சுலைமான். "போல்ட் நரம்பு மாதிரி இழுபட்டுப் போச்சு. இன்னும் கொஞ்சம் உட்டா கையோட வந்திருக்கும்."

"அப்பிடியா?" என்றார். அவருடைய சந்தோஷம் முழுவதும் போய்விடவில்லை.

வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் எண்ணைச் சொன்னேன். முறுக்கியவர் பெயரையும் சொன்னேன். முப்பது. எழுபது. இருபத்தைந்து. பெயர் சொல்லப்பட்டவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். முத்துநாயகம் என் கையைப் பிடிக்க வந்தார். எண்ணெய்க் கையை அவர் சட்டைப் பக்கம் திருப்பினேன். நின்றுவிட்டார்.

கடைசியில் நடு போல்ட் இருந்தது. அதில் ஸ்பேனரை மாட்டவில்லை. இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினேன். சுழன்று வந்தது. மேலே தூக்கிக் காட்டினேன்.

"இது முதலாளி முறுக்கினது. இதுக்கு ராத்தல் கிடையாது. எல்லாத்துக்கும் முந்தி முறுக்க வேண்டியது இந்தப் போல்டுதான்."

காற்றில் படுதா அடித்துக்கொண்டது. 

"சாயிபு," என்றார் முத்துநாயகம்.  "இவனை வெளிய தள்ளு. நீ முறுக்கு. மணி போகு."

சுலைமான் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கையை விட்டு அலம்பினான். விரல் விரலாகத் துடைத்தான். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு முதலாளி. பள்ளியில வெள்ளம் கொறவு, கைகால் அலம்பி ஒளு எடுக்க நேரம் பிடிக்கும்." சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

"லே ஆபேல்!"

"எனக்கு ஓட்டத்தான் தெரியும் முதலாளி," என்றான் டிரைவர்.

முத்துநாயகம் என் பக்கம் திரும்பினார். "உனக்கு என்னலே வேணும்?"

"அன்னைக்கு வில்லுக்குறியில இந்த வண்டி ஏன் நின்னுது? அதச் சொல்லணும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? தேவ…"

"ஜேசுதாஸ் கழத்தி முறுக்க வந்தான். நீரு விடல்ல."

நீங்கள் என்று அழைத்து வந்தவன் நீர் என்றேன். அது அவருக்குக் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது.

"போதகர் ஐயா," என்று அவர் திரும்பினார். "பாத்தியளா? என் மக கல்யாணத்தண்ணைக்கு. அந்தக் கொச்சு இவனுக்கு என்ன துரோகம் செய்தா?"

"ஒண்ணும் செய்யல்ல," என்றேன்.

போதகர் முன்னால் வந்தார். "செல்வதாஸ், மன்னிக்கிறதுக்குத்தானே நமக்குப் படிப்பிச்சிருக்கு."

"எதை மன்னிக்கன்னு அவரு சொல்லட்டும் ஐயா. இதுவரைக்கும் அவரு ஒண்ணும் செய்ததாச் சொல்லல்ல."

போதகர் முத்துநாயகத்தைப் பார்த்தார்.  தன் போல்ட் எந்த மூலையில் இருந்தது என்று ஹெட்டையும் பார்த்தார். "முத்துநாயகம்," என்றார் மெதுவாக, "அந்தப் பையன், ஜேசுதாஸ், வந்தானா?"

முத்துநாயகம் தெருவைப் பார்த்தார். குழித்துறையில் மாப்பிள்ளை வீட்டார் பெட்டி படுக்கையோடு நிற்கிற நேரம். நான் போல்டுகளை மண்ணெண்ணெயில் போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். இழுபட்ட ஒன்றுக்குப் பதில் புதிது எடுத்து வைத்தேன். எனக்கு அவசரமில்லை.

"வந்தான்," என்றார்.

"சத்தமா."

"வந்தான்லே! கழத்தி முறுக்கணும்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

"வண்டி நின்னது?"

"அதனாலதான்." வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. "தேவ சித்தமில்ல. நான்தான். போதுமா?"

"நான் நேரத்தைக் கடத்தினேன்னு கோயில் வாசல்ல சொன்னீரு."

"அது சும்மா சொன்னது."

"எதுக்கு?"

"ஆளுக எங்கிட்டக் கேட்டாங்க. என்னமாவது சொல்லணுமில்லா." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பிள்ள செத்தது என் குத்தம்."

"எந்தப் பிள்ள?"

அவர் விழித்தார். என் மனைவியின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அடக்கத்தில் நின்றவர், பாட்டுப் பாடியவர். மற்றப் பதின்மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். அவர்களும் தேடினார்கள். கடைசியில் போதகர்தான் சொன்னார். "பூங்கனி."

"பூங்கனி," என்றார் முத்துநாயகம்.

நான் ஹெட்டைச் சற்றே தூக்கிக் காஸ்கெட்டைக் கூர்ந்து பார்த்தேன். இன்னும் சூடு காணாததால் கெடவில்லை. நடு போல்டை முதலில் மாட்டினேன். பிறகு அதன் எதிரில் உள்ளது. பிறகு அடுத்த பக்கம். முதல் சுற்று இருபது. இரண்டாம் சுற்று நாற்பது. மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் முள் ஐம்பத்தைந்தில் வந்து நிற்கும்வரை இழுத்தேன். அவர்கள் எல்லோரும் நின்றபடியே பார்த்தார்கள். யாரும் போகவில்லை. கல்யாணத்துக்குப் பொங்கிய சோறு எங்கேயோ ஆறிக்கொண்டிருக்கும். நான் ஒவ்வொரு இழுப்பையும் அவர்களுக்காக மெதுவாகச் செய்தேன்.

ஆபேல் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. சீராக ஓடியது. நான் அதுவரை கட்டியதில் மிக நல்ல எஞ்சின் அது.

முத்துநாயகம் ஏறப் போனார். கூப்பிட்டேன்.

"எஞ்சின் நல்லா சூடு கண்டு ஆறினபொறவு போல்ட் கொஞ்சம் தளரும். இன்னொருக்கா முறுக்கணும். கல்யாணம் கழிஞ்சதும் கொண்டு வாரும்."

"ஆபேல் கொண்டு வருவான்."

"நீரும் வரணும். முறுக்குறதுக்கு முன்ன இன்னொருக்கா சொல்லணும்."

"அப்ப இஞ்ச ஆளு யாரும் இருக்கமாட்டாங்களே," என்றார்.

"நான் இருப்பேன்."

வண்டி போயிற்று. வழியில் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானபாய் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து என் பக்கம் வந்தாள். "மக்களே," என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடம் அடைத்திருந்த கதவு. நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் முத்துநாயகம் வந்தார். ஆபேலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தனியாக வந்தார். பழைய சட்டை. நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஜேசுதாசைத் தடுத்தது, கோயில் வாசலில் சும்மா சொன்னது, அவள் செத்தது தன் குற்றம் என்பது, மூன்றையும் சொன்னார். பூங்கனி என்ற பெயரைச் சரியாகச் சொன்னார். நான் நடுவிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு போல்டும் மயிரிழை அளவு இடம் கொடுத்தது. முள் ஐம்பத்தைந்தில் நின்றது. எனக்குள் எதுவும் அசையவில்லை. அவர் சொன்னதைக் கேட்டபோதும் அசையவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்டால் அசையுமோ என்று தோன்றியது.

"முடிஞ்சுதா?" என்றார்.

"ஐந்நூறு மைல் ஓடட்டும். பொறவு இன்னொருக்கா முறுக்கணும்."

"அதுக்கும் நான் வரணுமா?"

"வரணும்."

அவர் சுலைமானைப் பார்த்தார். சுலைமான் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். முத்துநாயகம் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. செட்டிகுளம் பக்கம் திரும்பி அது தேய்கிறவரை சுலைமான் நிமிரவில்லை.

"மக்கா," என்றான் பிறகு. "சூடு கண்டபொறவு ஒருக்கா முறுக்கினாப் போதும். இந்த காஸ்கெட்டுக்கு மூணாவது முறுக்கு கெடையாது."

"தெரியும்," என்றேன்.